‘சாக்கடை வரி’யா, ‘கழிவுநீரகற்று கட்டணம்’ என்பதா?

சென்னையில் வாடகை வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவர், வீட்டு உரிமையாளர் எழுதிக் கொடுத்த தாளை என்னிடம் காட்டினார். வாடகை, மின்சாரம், பராமரிப்பு என்று வரிசையாக எழுதி, கடைசியில் ‘சாக்கடை வரி’ என்று ஒரு தொகை. நண்பருக்குக் கோபம். சொத்து வரியை உரிமையாளர்தான் கட்டுகிறார் என்றால் சாக்கடை வரியையும் அவர்தானே கட்ட வேண்டும் என்றார். குளிப்பதும் துவைப்பதும் நீங்கள்தானே என்று கேட்டாராம் உரிமையாளர். இருவர் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. இந்தச் சண்டையை மூட்டிவிட்டது ‘வரி’ என்ற ஒற்றைச் சொல்.

ஆங்கிலத்தில் இதை ‘சூவர் ரேட்’ என்பார்கள். சூவர் என்ற சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. அதற்கு அடியில் லத்தீனின் ‘எக்ஸ்’ (வெளியே), ‘அக்வா’ (நீர்) என்ற இரண்டும் இருக்கின்றன. மீன் வளர்க்கும் குளத்தில் மிகுந்த நீரை வெளியே விடும் வாய்க்காலுக்குத்தான் முதலில் அந்தப் பெயர் வழங்கியது. நம் ஊர் ஏரிக்குக் கலிங்கு எதுவோ, அந்தக் குளத்துக்கு அது. அழுக்கு என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ‘ரேட்’ என்பதும் லத்தீன்தான். ‘கணக்கிட்டு வகுத்த’ என்பது அதன் பொருள். ‘புரோ ரேட்டா’ (அவரவர் பங்குக்கு ஏற்ப) என்ற தொடரில் இன்றும் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால், வெளியேறும் நீருக்காக அவரவர்க்குக் கணக்கிட்டு வகுத்த பங்கு என்றாகிறது. வரி என்ற பேச்சே அந்த வேர்களில் இல்லை.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சம் கிடையாது. சாய்க்கடை என்பதே சாக்கடை ஆயிற்று என்பார்கள். சாய்வான கடை, அதாவது நீர் சரிந்து போகும் முடிவிடம். சரிவு இல்லாவிட்டால் கழிவுநீர் நகராது என்ற பொறியியல் உண்மையைப் பெயரிலேயே வைத்திருக்கும் சொல் அது. அதை நாம் வசையாக்கிவிட்டோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ‘அங்கணம்’ இன்னும் பழையது. அங்கணத்தில் கொட்டிய அமிழ்தை 720-ஆம் குறள் உவமையாக்குகிறது. மணிமேகலையில் வஞ்சி நகர வீடுகளின் கூந்தல் கழுவிய நீர் ‘சுருங்கைத் தூம்பு’ வழியாக அகழியில் போய்ச் சேர்கிறது. சுருங்கை நிலத்துக்கு அடியில் செல்லும் வழி. குழலைக் குறிக்கும் ‘சிரிங்ஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வடமொழிக்கும் தமிழுக்கும் அது வந்தது என்று மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். மருத்துவமனையின் சிரிஞ்சும் அதே வேரில் பிறந்ததுதான். தூம்பு என்பதற்கும் நீர் செல்லும் குழாய், ஊதும் கருவி என இரு பொருளும் உண்டு. கழிவுநீர் ஓடும் இடத்துக்கு இசைக்கருவியின் பெயரைக் கிரேக்கமும் தமிழும் தனித்தனியே வைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இன்றைய வழக்குக்கு வருவோம். நகராட்சிகள் ‘பாதாள சாக்கடை’ என்கின்றன. தமிழ்நாட்டில் ‘குடிநீர் வடிகால் வாரியம்’ இருக்கிறது; இலங்கையில் ‘தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை’ இருக்கிறது. ஆனால் சென்னையில் வடிகால் என்றதும் மழைநீர் வடிகாலே நினைவுக்கு வருகிறது. அது மாநகராட்சியின் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால் புகார் தவறான அலுவலகத்துக்குத்தான் போகும். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னை வாரியத்தின் பெயரில் ‘கழிவுநீரகற்று’ என்று இருக்கிறது. செய்யும் வேலையைச் சொல்லும் சொல் என்பதால் அதையே நான் தேர்ந்துகொள்கிறேன். கழிவுநீரகற்று கட்டணம். வினைத்தொகை என்பதால் இடையில் ‘க்’ மிகாது.

கட்டணம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தத் தொகை பிறக்கும் விதம் அப்படி. முதலில் ஓர் ஆண்டுச் செலவைக் கூட்ட வேண்டும். சென்னை மேசைபோலத் தட்டையான ஊர். சரிவு கொடுத்துக்கொண்டே போனால் குழாய் வெகு ஆழத்துக்குப் போய்விடும். அதனால் ஆங்காங்கே கழிவுநீர் உந்து நிலையம் கட்டி நீரை மேலே ஏற்றி, மறுபடி சரிவில் விட வேண்டும். இரவும் பகலும் ஓடும் அந்த மோட்டார்களின் மின்சாரம், கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களின் செலவு, சம்பளம், கடனும் வட்டியும், பழைய குழாய்களை மாற்றச் சேர்த்துவைக்க வேண்டிய பணம் எல்லாம் இந்தக் கூட்டலில் வரும்.

பிறகு பங்கிடல். எவ்வளவு நீர் வருகிறது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு அழுக்காக வருகிறது என்பது மற்றொன்று. வீட்டு நீரையும் சாயப்பட்டறை நீரையும் ஒரே விலைக்கு ஏற்க முடியாது. இங்கிலாந்தில் ஆலைக் கழிவுக்கு ‘மாக்டன் சூத்திரம்’ என்று ஒன்று இருக்கிறது. மேற்கு லண்டனில் உள்ள மாக்டன் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயர் அது. நீரை ஏற்று நடத்திச் செல்ல ஒரு தொகை, முதல்நிலைச் சுத்திகரிப்புக்கு ஒன்று, நுண்ணுயிர்ச் சுத்திகரிப்புக்கு ஒன்று, தங்கும் கசடை அகற்ற ஒன்று என நான்கையும் கூட்டுகிறார்கள். கடைசி இரண்டும் அந்த ஆலையின் கழிவு எவ்வளவு கனத்தது என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். அழுக்கை அளந்து விலை வைக்கும் இந்த முறையில் ஒரு நேர்மை இருக்கிறது.

வீடுகளில்தான் சிக்கல். கழிவுநீர்க் குழாய் முழுதும் நிறைந்து ஓடுவதில்லை. திடப்பொருளும் சேர்ந்து வரும். வீட்டுக்கு வீடு அதில் மீட்டர் வைத்தால் அடைத்துக்கொள்ளும். ஆகவே உள்ளே வரும் நீரை அளந்து, அதில் இத்தனை பங்கு வெளியேறும் என்று கணிக்கிறார்கள். இந்தியப் பொறியாளர்களின் கணக்கில் கழிவுநீர்க் குழாய் உள்ள நகரில் வாழும் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் நீர். அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும். நான்கு பேர் உள்ள வீட்டில் 30 நாளுக்கு 16,200 லிட்டர் உள்ளே வந்தால் 12,960 லிட்டர் வெளியே போகிறது. இந்தப் பங்குக்கு நல்ல தமிழ்ச் சொல் இன்னும் நிலைபெறவில்லை. ‘வடிவீதம்’ என்று நான் எழுதிவருகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் மழைக்கால மாதங்களின் தண்ணீர்ப் பயன்பாட்டை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது. தோட்டத்துக்குப் பாய்ச்சும் நீர் அப்போது குறைந்திருக்கும் என்பதே காரணம். மண்ணில் ஊறிய நீருக்குக் கழிவுநீர்க் கட்டணம் கேட்பது முறையல்ல அல்லவா? அந்த ஊர் உள்ள கலிபோர்னியாவில் 1996-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய விதியின்படி, இத்தகைய கட்டணம் சேவைக்கு ஆகும் செலவைத் தாண்டக் கூடாது. உயர்த்துவதற்கு முன் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பெரும்பான்மையோர் எழுத்தில் எதிர்த்தால் உயர்த்த முடியாது.

சென்னையில் இந்த அளவை தடுமாறுகிறது. குழாய்நீர், ஆழ்துளைக் கிணற்றுநீர், லாரித் தண்ணீர் என மூன்று வழியில் வரும் நீர் ஒரே குழாயில் வெளியே போகிறது. பல வீடுகளில் மீட்டரும் கிடையாது. எனவே வீட்டின் ஆண்டு மதிப்பில் (ஓராண்டு வாடகையாகக் கணிக்கும் தொகையில்) 7 விழுக்காட்டைக் குடிநீர், கழிவுநீர் வரியாக, அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிப்பது நெடுநாள் வழக்கம். மதிப்பு 20,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,400, அரையாண்டுக்கு 700. இது உண்மையிலேயே வரிதான். ஆறு பேர் நெருங்கி வாழும் சிறு வீட்டுக்குக் குறைவாகவும் இருவர் மட்டும் இருக்கும் பெரிய வீட்டுக்குக் கூடுதலாகவும் வரும்; வெளியேறும் நீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதைத் தவிரக் கட்டணம் என்ற தனி இனமும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, சென்னை மாகாண அறநிலையத் துறை தொடர்பான ஷிரூர் மடத்து வழக்கில் 1954-இல் உச்ச நீதிமன்றமே வகுத்துச் சொன்னது: வரி பொதுத் தேவைக்கு, கட்டணம் குறிப்பிட்ட சேவைக்கு.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்த இன்னொரு காரணம் இருக்கிறது. கட்டணம் என்றால் எந்தச் சேவைக்கு என்று கேட்கலாம். அடைப்பு எடுக்க இயந்திரம் வாங்கினீர்களா என்று கேட்கலாம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைக் குழிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அப்படி உயர்த்த வேண்டிய நிலை வந்ததை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. நீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் வண்டிக்கும், உறிஞ்சும் லாரிக்கும், அவற்றை ஓட்டுபவரின் சம்பளத்துக்கும் ஆகும் பணத்தைக் கணக்கில் சேர்க்காமல் மலிவாக வைத்த கட்டணத்தின் மிச்சத்தை யாரோ ஒருவர் குழிக்குள் இறங்கிக் கட்டுகிறார்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்ன பிறகு, அவரும் உரிமையாளரும் அந்தத் தாளைத் திருத்தி எழுதினார்கள். ‘கழிவுநீர் வரி – உரிமையாளர்’ என்று ஒன்று. ‘கழிவுநீரகற்று கட்டணம் – குடியிருப்பவர்’ என்று அதற்குக் கீழே இன்னொன்று.