வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார்: அகல்வீச்சு உயிர்வளி உணரி

சொந்தக் காரைத் தாமே ட்யூன் செய்ய, அதாவது எரிபொருள் அளவு போன்ற எஞ்சின் அமைப்புகளைத் தாமே திருத்த நினைப்பவர்கள் முதலில் தேடும் கருவிகளில் ஒன்று 'வைட்பேண்ட்'. எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் எந்த விகிதத்தில் கலந்தன என்பதைப் புகைக்குழாயில் இருந்துகொண்டே சொல்லும் உணரி அது. இதை 'அகலக்கற்றை ஆக்சிஜன் சென்சார்' என்று தமிழாக்கினால் வாசிப்பவருக்கு இணைய இணைப்புதான் நினைவுக்கு வரும். 'அகலப்பட்டை' என்றாலோ மரப்பட்டையும் இடுப்புப்பட்டையும் முன்னால் வந்து நிற்கும்.

பேண்ட் என்பது வானொலியிலும் மின்னணுத் துறையிலும் பழகிய சொல். அங்கே அது அலைவரிசைகளின் தொகுதி. இந்த உணரியிலோ அலைவரிசை எதுவும் கிடையாது. எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை அளக்க முடியும் என்ற எல்லையைத்தான் இங்கே பேண்ட் என்கிறார்கள். பள்ளிக் கணக்கில் மீப்பெரு மதிப்புக்கும் மீச்சிறு மதிப்புக்கும் உள்ள இடைவெளியை 'வீச்சு' என்று படித்திருப்போம். அந்தச் சொல் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. வைட்பேண்ட் அகல்வீச்சு, நேரோபேண்ட் குறுவீச்சு.

எதை விட அகலம் என்று கேட்டால்தான் பெயர் புரியும். 1976இல் பாஷ் நிறுவனம் 'லாம்டாசோண்டே' என்ற உணரியைத் தயாரித்து, வால்வோ கார்களில் அது முதலில் ஏறியது. அப்போது குறுகல், அகலம் என்ற பேச்சே இல்லை. அகலமானது வந்த பிறகுதான் பழையதைக் குறுகல் என்று பிரித்துச் சொல்ல வேண்டிவந்தது. ஜெர்மன் மொழியில் சோண்டே என்றால் உள்ளே நுழைத்துப் பார்க்கும் கருவி. தமிழில் 'துருவி' என்று சொல்லலாம், ஆனால் தேங்காய் துருவியோடு குழம்பும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லாம்டா ஒரு கிரேக்க எழுத்து. எரிபொருள் முழுதாக எரியத் தேவையான காற்று எவ்வளவோ அதனால், உண்மையில் உள்ளே போன காற்றை வகுத்தால் வரும் எண்ணுக்கு அந்தப் பெயர். 1 என்றால் சரிவிகிதம். 1க்குக் கீழே போனால் எரிபொருள் மிகுதி, மெக்கானிக்குகள் 'ரிச்' என்பார்கள்; மேலே போனால் காற்று மிகுதி, 'லீன்'. தமிழில் செறிந்த கலவை, மெலிந்த கலவை என்பது இயல்பாகவே இருக்கிறது.

குறுவீச்சு உணரியின் உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான் போன்ற பொருள் இருக்கிறது. ஒருபுறம் வெளிக்காற்று, மறுபுறம் புகை. நன்றாகச் சூடானதும் இருபுறத்து ஆக்சிஜன் வேறுபாட்டுக்கு ஏற்ப அது மின்னழுத்தம் தரும். ஜெர்மன் வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்டின் சமன்பாடுதான் இதற்கு அடிப்படை. (அதே நெர்ன்ஸ்ட் 1897இல் செய்த விளக்கிலும் சிர்கோனியாதான் ஒளிர்ந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு வாழ்க்கை!) சிக்கல் என்னவென்றால், அந்த மின்னழுத்தம் சரிவிகிதத்தை ஒட்டிச் செங்குத்தாகத் தாவும். செறிந்திருந்தால் சுமார் 0.9 வோல்ட், மெலிந்திருந்தால் சுமார் 0.1, நடுவே 0.45. கூடவா குறைவா என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி நன்றாக வேலை செய்யக் கலவையை 1ஐச் சுற்றியே ஆட்டிக்கொண்டிருக்கும், காரோடு வரும் தொழிற்சாலை ஏற்பாட்டுக்கு அது போதும். ஆனால் முழு விசையில் ஓடும் பெட்ரோல் எஞ்சினுக்கு லாம்டா 0.85 போன்ற இடம்தான் வேண்டியிருக்கும். அங்கே 0.80க்கும் 0.88க்கும் உள்ள வேறுபாட்டை இந்த உணரியிடம் நம்பிக் கேட்க முடியாது.

அகல்வீச்சு உணரியில் இன்னொரு சிர்கோனியா அறை சேர்கிறது. அதற்குப் பம்ப் அறை என்று பெயர். மின்னோட்டம் கொடுத்தால் அது ஆக்சிஜனைக் கடத்தும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி, அதற்குள் புகை மெல்லக் கசிந்து வரும். அந்த இடைவெளியை எப்போதும் சரிவிகிதத்திலேயே, அதாவது 0.45 வோல்ட்டிலேயே, வைத்திருப்பது உணரியோடு இணையும் கட்டுப்படுத்தி என்ற மின்னணுப் பெட்டியின் வேலை. மெலிந்த புகை வந்தால் மிகுதி ஆக்சிஜனை வெளியே தள்ளும், செறிந்தது வந்தால் திசையை மாற்றி உள்ளே இழுத்துவரும். அதற்கு எவ்வளவு மின்னோட்டம் செலவானது என்பதுதான் அளவு. பாஷின் எல்.எஸ்.யூ. 4.9 என்ற மாதிரி உணரி லாம்டா 0.65இலிருந்து வெறும் காற்று வரை அளப்பது இப்படித்தான்.

ஆக, உணரி தனியாக எதையும் அளப்பதில்லை. கட்டுப்படுத்தி இல்லாத அகல்வீச்சு உணரி வெறும் உலோகத் துண்டு. வாங்கும்போது உணரியை விடக் கட்டுப்படுத்தியைத்தான் அதிகம் ஆராய வேண்டும். எந்த உணரிக்காகச் செய்யப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். முந்தைய மாதிரியான எல்.எஸ்.யூ. 4.2க்கான கட்டுப்படுத்தியில் 4.9ஐ மாட்டக் கூடாது, சூடேற்றியைக் கட்டுப்படுத்தும் கணக்கே இரண்டுக்கும் வேறு. 4.2ஐ அவ்வப்போது வெளியே எடுத்து வெறும் காற்றில் அளவு திருத்த வேண்டிவரும். புதிதாக வாங்குவதென்றால் 4.9தான் என் தேர்வு. அப்புறம், கம்பிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று முதல் நான்கு கம்பி என்றால் அது பெரும்பாலும் குறுவீச்சு. அகல்வீச்சு உணரிக்குப் பொதுவாக ஐந்து. வண்ண விளக்குகள் ஆடும் சில காட்டிகள் குறுவீச்சு உணரியை வைத்துக்கொண்டே காற்று-எரிபொருள் எண்களைக் காட்டும். அந்த எண்களை வைத்து ட்யூன் செய்யாதீர்கள்.

காட்டியில் தெரியும் 14.7 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கிலோ பெட்ரோல் எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது அதன் பொருள். எத்தனாலுக்கு அது 9 மட்டுமே, 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 14.1. உணரிக்கு எரிபொருள் எதுவென்று தெரியாது. அது லாம்டாவைத்தான் அறியும், காட்டி அதை 14.7ஆல் பெருக்கிக் காட்டுகிறது. எரிபொருள் மாறினாலும் லாம்டா 1 என்பது சரிவிகிதமாகவே இருக்கும். அதனால் லாம்டாவிலேயே படித்துப் பழகுவது நல்லது.

எஞ்சினை இயக்கும் கணினியான ஈ.சி.யூ.வுக்கு அளவை அனுப்பும் வழியும் முக்கியம். 0 முதல் 5 வோல்ட் வரையிலான மின்னழுத்தம் 10 முதல் 20 வரையிலான காற்று-எரிபொருள் விகிதத்தைக் குறிக்கும் என்று வகுத்திருந்தால், எர்த் இணைப்பில் 0.1 வோல்ட் பிசகினாலே 0.2 பிழை வந்துவிடும். காரின் கணினிகளை இணைக்கும் கான் பஸ் என்ற தரவுக் கம்பி வழியாக எண்ணாகவே அனுப்பும் கட்டுப்படுத்தியில் இந்தத் தலைவலி இல்லை.

பெயரில் மிச்சமிருப்பது ஆக்சிஜன். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 18ஆம் நூற்றாண்டில் கிரேக்க வேர்களைச் சேர்த்து 'அமிலம் பிறப்பிப்பது' என்ற பொருளில் உண்டாக்கிய பெயர். எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று நம்பினார், அது தவறு. அதே காலத்தில் ஸ்வீடனில் வாழ்ந்த வேதியியலாளர் ஷீலே அதைத் 'தீக்காற்று' என்றார். எஞ்சினைப் பொறுத்தவரை அதுவே பொருத்தமான பெயர்! தமிழில் பிராணவாயு வழக்கில் உண்டு. உயிர்வளி அதைவிடக் குறுகியது, வளி காற்றுக்கு வழங்கும் பழஞ்சொல். சென்சார் லத்தீனில் உணர்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது, 'உணரி' நேர்ச்சொல்.

அந்தப் பெயரை நேராகவே எடுத்துக்கொள்ளுங்கள். இது ஆக்சிஜனை உணர்கிறது, பெட்ரோலை அல்ல. ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறினால் எரியாத காற்று அப்படியே வெளியேறி, உணரி 'மெலிவு' என்று காட்டும். உணரிக்கு முன்னால் புகைக்குழாயில் கசிவு இருந்தாலும் அதே கதை. அதை நம்பி எரிபொருளைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். பொருத்தும்போது வினையூக்கி மாற்றிக்கு முன்னால், உணரியின் நுனி கீழே பார்க்க, கம்பிப் பக்கம் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 பாகையாவது மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்துப் பொருத்துங்கள். குழாயில் திரளும் நீர் சூடான பீங்கானில் பட்டால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். உணரிக்கு மின்சாரம் தராமல், ஓடும் எஞ்சினில் மாட்டி வைத்தாலும் கரி படிந்து கெடும்.