இன்கம் டாக்ஸ் நோட்டீஸ் வந்தா பயந்துபோய் பணத்தைக் கட்டிடாதீங்க, அப்படியே விட்டுடவும் விடாதீங்க

என் ஆபீஸுக்கு நோட்டீஸோட வர்றவங்க பெரும்பாலும் ரெண்டு வகைதாங்க. ஒருத்தர் மெசேஜ் வந்த அன்னைக்கே பதறி, நகையை அடகு வச்சாவது கட்டிடறேன் சார்னு வருவாரு, பிரிச்சுப் பார்த்தா அந்த டிமாண்டே, அதாவது இவ்வளவு வரி பாக்கின்னு கேட்டதே, தப்பா இருக்கும். இன்னொருத்தர் பேங்க் அக்கவுண்ட்டை முடக்கினதுக்கு அப்புறம்தான் வருவாரு, அவர் பக்கம் நியாயம் இருக்கும், ஆனா அதைச் சொல்ல வேண்டிய தேதி எல்லாம் தாண்டிப் போயிருக்கும். ரெண்டுமே தேவையே இல்லாத நஷ்டம். சென்னையில ப்ராக்டிஸ் பண்ற ஆடிட்டரா இதைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனசு கேக்காமதான் எழுதறேன்.

ரெண்டாவது வகை ஆளுங்க எல்லாரும் சொல்றது ஒண்ணே ஒண்ணு, "எனக்கு நோட்டீஸே வரல சார்". பொய் சொல்லல அவங்க. இன்கம் டாக்ஸ் போர்ட்டல்ல லாகின் பண்ணி ப்ரொஃபைல்ல பார்த்தா, ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவரோட மெயில் ஐடியும் அவரோட மொபைல் நம்பரும் இருக்கும். கம்பெனி வாசல்லயே டேபிள் போட்டு ஐநூறு ரூபாய்க்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்துட்டுப் போனவரு, இப்ப அந்த நம்பரே உபயோகத்துல இல்ல. இன்னைக்கு முக்கால்வாசி நோட்டீஸ் மெயில்லயும் போர்ட்டல்லயும்தான் வருது, போஸ்ட்மேனுக்காகக் காத்திருந்தா வேலைக்கு ஆகாது. அதனால இதைப் படிச்சு முடிச்சதும் முதல் வேலையா லாகின் பண்ணி மெயிலும் நம்பரும் உங்களோடதான்னு பாருங்க, இல்லன்னா மாத்துங்க, பாஸ்வேர்டையும் மாத்துங்க.

நோட்டீஸ் உண்மையானதான்னு பார்க்கறது சுலபம். 2019 அக்டோபர் 1 முதல் டிபார்ட்மெண்ட் அனுப்பற லெட்டர்கள்ல டிஐஎன்னு ஒரு நம்பர் இருக்கணும்னு விதி, போர்ட்டலோட முதல் பக்கத்துலயே லாகின் இல்லாம அந்த நம்பரைப் போட்டு சரிபார்க்கலாம். வாட்ஸ்அப்ல வர்ற லிங்க்கைத் தொடவே தொடாதீங்க.

அடுத்தது அது என்ன செக்ஷன்னு பாருங்க. 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம் வந்தாச்சு, செக்ஷன் நம்பர் எல்லாம் மாறியிருக்கு, ஆனா முந்தின வருஷங்களுக்கான கேஸ் 1961 சட்டப்படியேதான் நடக்கும், அதனால பழைய நம்பரையே சொல்றேன். 143(1) வந்தா அது ரிட்டர்ன்களை ப்ராசஸ் பண்ற பெங்களூரு சிபிசி சென்டர்ல கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, யாரும் உங்களை விசாரிக்கல. 143(2)ன்னா ஸ்க்ரூட்டினி, அதாவது உங்க ரிட்டர்னை எடுத்து ஆதாரம் கேட்டு ஆராயப் போறாங்க. 142(1)ல டாகுமெண்ட் கேப்பாங்க. இந்த 142(1)ஐ மட்டும் கண்டுக்காம விட்டுடாதீங்க, பதில் வரலன்னா அதிகாரி தன்கிட்ட இருக்கற தகவலை வச்சே 144ல ஆர்டர் போட்டுடலாம், அது போக ஒவ்வொரு தவறுக்கும் 10,000 ரூபாய் பெனால்டியும் போட முடியும்.

143(1)ல வர்ற டிமாண்ட் பத்திதான் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா சம்பளக்காரங்க மாட்டறது இங்கதான். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனியில சூப்பர்வைசரா இருந்த ஒருத்தர் வந்தாரு. மாசாமாசம் சம்பளத்துல டிடிஎஸ் பிடிச்சிருக்காங்க, பே ஸ்லிப்ல தெளிவா இருக்கு. கம்பெனி அதை கவர்மெண்டுக்குக் கட்டவே இல்ல, அப்புறம் கம்பெனியையே மூடிட்டாங்க. நம்ம பேர்ல வரவான வரியைக் காட்டற 26ஏஎஸ் ஸ்டேட்மெண்ட்ல ஒண்ணுமே இல்லாததால சிபிசி அந்தத் தொகையைக் கழிச்சுக்காம முழு வரியையும் வட்டியோட கேட்டுடுச்சு. மனுஷன் பிஎஃப் பணத்தை எடுத்து கட்டறதுக்கு ரெடியா வந்திருந்தாரு. செக்ஷன் 205 என்ன சொல்லுதுன்னா, சம்பளத்துல பிடிச்சாச்சுன்னா அந்தத் தொகை அளவுக்கு உங்ககிட்ட மறுபடியும் வரி கேக்கக் கூடாது. பிடிச்ச கம்பெனிகிட்டதான் வசூல் பண்ணணும். இதை வச்சு ஊழியர்கள்கிட்ட வசூல் பண்ண வேண்டாம்னு 2015 ஜூன்லயும் 2016 மார்ச்லயும் டிபார்ட்மெண்டோட தலைமை வாரியமான சிபிடிடியே அதிகாரிகளுக்கு எழுதியிருக்கு.

ஆனா இது கம்ப்யூட்டருக்குப் புரியாது, ஆன்லைன்ல ரெக்டிஃபிகேஷன், அதாவது திருத்தம் கேட்டு மனு போட்டா 26ஏஎஸ்ல இல்லன்னு அதே பதில்தான் வரும். பே ஸ்லிப், சம்பளம் பிடித்தம் போக கிரெடிட் ஆன பேங்க் ஸ்டேட்மெண்ட், ஆஃபர் லெட்டர், ஃபார்ம் 16 கொடுத்திருந்தா அதுவும், எல்லாத்தையும் வச்சு நுங்கம்பாக்கம் ஆயகர் பவன்ல உங்க பான் எந்த வார்டுல இருக்கோ அந்த அதிகாரிக்கு லெட்டர் எழுதிக் கொடுத்து, காப்பியில சீல் வாங்கிக்கணும். போர்ட்டல்லயும் டிமாண்டை ஒத்துக்கல, அதாவது டிஸ்அக்ரீன்னு காரணத்தோட போடணும். அடுத்த வருஷ ரீஃபண்ட்ல இதைக் கழிக்கப் போறோம்னு 245ல ஒரு மெசேஜ் வரும், அதுக்கு 21 நாள்ல பதில் போடணும். விடாம ஃபாலோ பண்ணணுங்க, ஒரே லெட்டர்ல முடிஞ்சுடும்னு நான் சொல்ல மாட்டேன்.

டிமாண்ட் நிஜமாவே சரின்னா தாராளமா கட்டுங்க, ஆனா சரியான இடத்துல கட்டுங்க. சலான்ல மைனர் ஹெட் 400, ரெகுலர் அசெஸ்மெண்ட் டாக்ஸ், இதைத்தான் எடுக்கணும், கூடவே அந்த டிமாண்டோட அசெஸ்மெண்ட் இயர். நிறையப் பேரு 300ல கட்டிட்டு, பணமும் போயி டிமாண்டும் அப்படியே நிக்குதுன்னு வர்றாங்க. டிமாண்ட் லிஸ்ட்டுக்குப் பக்கத்துலயே இருக்கற பே நவ் வழியா போனா இந்தக் குழப்பமே வராது. 30 நாளுக்குள்ள கட்டலன்னா மாசத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறும்.

வயசானவங்க பேர்ல ரொம்பப் பழைய சின்ன டிமாண்ட் இருந்தா ஒரு தடவை மறுபடி செக் பண்ணுங்க, 2024 இடைக்கால பட்ஜெட்ல 2009-10 நிதியாண்டு வரைக்கும் 25,000 ரூபாய் வரையும், 2010-11லேர்ந்து 2014-15 வரைக்கும் 10,000 ரூபாய் வரையும் இருந்த டிமாண்டை எல்லாம் ஒரு உச்சவரம்போட தள்ளுபடி பண்ணாங்க.

இப்ப ஸ்க்ரூட்டினி. 2020லேர்ந்து பெரும்பாலான ஸ்க்ரூட்டினி ஃபேஸ்லெஸ்தான், உங்க ஃபைலைப் பார்க்கறவர் நாட்டுல எந்த ஊர்ல வேணா இருக்கலாம், அவர் யாருன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அதனால "நுங்கம்பாக்கத்துல எனக்கு ஆள் இருக்கு, ஸ்க்ரூட்டினியை முடிச்சுத் தரேன்"னு யாராவது பணம் கேட்டா ஒரு ரூபா கூட கொடுக்காதீங்க. எல்லாமே போர்ட்டல்ல இருக்கற இ-ப்ரொசீடிங்ஸ் பகுதியில எழுத்துல போற பதில்தான். பேங்க்ல போட்ட ரொக்கம் பத்திக் கேட்டா, நகை வித்ததா, ஊர்ல நிலம் வித்ததா, சீட்டு எடுத்ததா, ஒவ்வொரு என்ட்ரிக்கும் நேரா ஒரு விளக்கமும் ஒரு காகிதமும் வச்சு டேபிள் மாதிரி போட்டுக் கொடுங்க, நாலு பக்கம் கதை எழுதாதீங்க. டைம் பத்தலன்னா தேதி முடியறதுக்கு முன்னாடியே அட்ஜர்ன்மெண்ட் கேளுங்க. வரியைக் கூட்டப் போறோம்னு ஷோ காஸ் வந்தா வீடியோ மூலமா நேர்ல விளக்கம் சொல்ல அனுமதி கேக்கவும் வழி இருக்கு.

இதுக்கெல்லாம் கண்டிப்பா ஆடிட்டர் வேணுமான்னு கேட்டா, சின்ன விஷயத்துக்கு வேணாம். செக்ஷன் 288படி உங்க சொந்தக்காரர் கூட உங்க சார்பா ஆஜராகலாம், ரிட்டையர்ட் அப்பாவுக்காக பொண்ணு போய் நிக்கலாம். ஸ்க்ரூட்டினி, பழைய வருஷக் கணக்கை மறுபடி திறக்கற 148 நோட்டீஸ், பெரிய தொகை, இதுக்கெல்லாம் சிஏவோ வரி வழக்கறிஞரோ வச்சுக்கோங்க, இ-ப்ரொசீடிங்ஸ்லயே அவரை ஆதரைஸ்டு ரெப்ரசென்டேட்டிவா சேர்க்க வசதி இருக்கு, பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுக்க அவசியமே இல்ல. கொடுக்கற ஃபீஸுக்கு ரசீது வாங்குங்க, அவர் போட்ட ஒவ்வொரு பதிலோட அக்னாலெட்ஜ்மெண்ட் காப்பியும் வாங்குங்க.

ரீஃபண்ட்ல பர்சன்டேஜ் கேக்கறவங்ககிட்ட மட்டும் போகவே போகாதீங்க. கொடுக்காத வாடகைக்கு ஹெச்ஆர்ஏ, பேர் கூட கேள்விப்படாத கட்சிக்கு டொனேஷன்னு 80ஜிஜிசில போட்டுடறாங்க, பிடிபட்டா மிஸ்ரிப்போர்ட்டிங்னு தப்பிச்ச வரிக்கு 200 சதவீதம் பெனால்டி, அது உங்க பான்லதான் விழும். ஏற்கெனவே அப்படி போட்டிருந்து இன்னும் நோட்டீஸ் வரலன்னா அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டு சரிபண்ணிடுங்க, 2025 பட்ஜெட்ல அந்த டைமை 4 வருஷமா நீட்டிச்சிருக்காங்க, லேட் ஆக ஆக கூடுதல் வரி 25 சதவீதத்துலேர்ந்து 70 வரைக்கும் ஏறும்.

ஆர்டர் வந்துடுச்சு, தப்புன்னு தோணுதுன்னா ஃபார்ம் 35ல 30 நாளுக்குள்ள கமிஷனர் அப்பீல்ஸுக்கு அப்பீல். ஃபீஸ் அதிகபட்சமே 1,000 ரூபாய்தான். அப்பீல் போட்டா வசூல் தானா நின்னுடும்னு நினைச்சுதான் நிறையப் பேர் ஏமாந்துடறாங்க, ஸ்டே தனியா கேக்கணும். பொதுவா 2017 சிபிடிடி உத்தரவுப்படி 20 சதவீதம் கட்டினா மீதியை நிறுத்தி வைப்பாங்க, 2026 பட்ஜெட்ல இதை 10 சதவீதமா குறைக்கறதா அறிவிச்சிருக்காங்க, அதுவும் முடியாதவங்களுக்குக் குறைச்சுக் கொடுக்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்குன்னு 2018ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. தவணை கேக்கவும் 220(3)ல வழி இருக்கு, சம்பளம், ஸ்கூல் ஃபீஸ், ஹோம் லோன் இஎம்ஐன்னு உங்க நிலைமையை எழுத்துல காட்டிக் கேளுங்க. ஸ்க்ரூட்டினி எங்கேயோ நடந்தாலும் வசூல் உள்ளூர் அதிகாரிகிட்டதான், இந்த வேலைக்கு நுங்கம்பாக்கம் நேர்ல போறதுல நிஜமாவே பலன் உண்டு.

30 நாள் போயாச்சு, அக்கவுண்ட்டும் முடங்கியாச்சுன்னு இருக்கறவங்களும் கைவிட்டுடாதீங்க. மெயில் ஐடி வேற யாரோடதோ இருந்ததுக்கான ஸ்கிரீன்ஷாட், ஆஸ்பத்திரியில இருந்திருந்தா டிஸ்சார்ஜ் சம்மரி, இப்படி தாமதத்துக்கான காரணத்தை ஆதாரத்தோட வச்சு தாமதத்தை மன்னிக்கச் சொல்ற கண்டோனேஷன் மனுவோட அப்பீலைப் போடுங்க. போட்ட அக்னாலெட்ஜ்மெண்ட், ஸ்டே மனு, முடிஞ்ச அளவு கட்டின சலான், இந்த மூணையும் எடுத்துக்கிட்டு வார்டு அதிகாரியைப் பார்த்து அட்டாச்மெண்ட்டை, அதாவது அந்த முடக்கத்தை, எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்க. அவர் மறுத்தா அவருக்கு மேல இருக்கற பிரின்சிபல் கமிஷனருக்கு அதே மனுவை அன்னைக்கே கொடுக்கலாம்.