புது பேட் வாங்கும் முன் பிள்ளையின் கையைப் பாருங்கள்

பள்ளி திறந்து அணித் தேர்வு முடிந்ததும் பெற்றோரிடமிருந்து வருகிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், எந்த மாடல் பேட் வாங்கலாம்?" கேள்விக்கு முன்பே வாட்ஸ்அப்பில் மூன்று நான்கு படங்கள் வந்து நிற்கும். தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, சாயல்குடி என்று இந்தக் கரையோரப் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பாலும் பேஸ்பாலும் சொல்லித் தரும் உடற்கல்வி ஆசிரியர் நான். மாடல் பெயரைப் பார்த்து பதில் சொல்வதில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, அந்த பேட்டையோ அதே அளவுள்ள வேறொன்றையோ கையில் கொடுத்து முழு வேகத்தில் வீசச் சொல்வேன். பாதி வீச்சில் "நிறுத்து" என்பேன். நிறுத்த முடிந்தால் அது அவனுக்கு ஆகிற பேட். முனை அவனை இழுத்துக்கொண்டு போனால், எவ்வளவு பெரிய கம்பெனி பேட்டாக இருந்தாலும் இந்த வருஷம் அவனுக்கு வேண்டாம்.

இந்த ஒரு சோதனைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், பேஸ்பாலில் யோசிக்க நேரமே கிடையாது. தொழில்முறை பிட்ச்சர் மணிக்கு 90 மைல் வேகத்தில் எறிந்தால், பந்து அடிப்பவரிடம் வந்து சேர ஏறக்குறைய 0.4 விநாடிதான் ஆகும். நம் பிள்ளைகளுக்கு எறியும் வேகம் குறைவு; ஆனால் பிட்ச்சர் நிற்கும் தூரமும் குறைவு. பேட் கனமாக இருந்தால் பந்து எங்கே வருகிறது என்று பார்ப்பதற்கு முன்பே வீச ஆரம்பித்தாக வேண்டும். அப்புறம் அது மோசமான பந்து என்று தெரிந்தாலும் கையை நிறுத்த முடியாது. "இவனுக்குக் கண் சரியில்லை" என்று பெற்றோர் சொல்கிற பல பிள்ளைகளுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கையில் இருக்கிற பேட்தான் பெரிது.

பேட்டின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று நீளம், இன்ச்சில். இன்னொன்று எடை, அவுன்ஸில். எடையிலிருந்து நீளத்தைக் கழித்து வருவதைத்தான் "டிராப்" என்கிறார்கள். 30 இன்ச், 20 அவுன்ஸ் என்றால் மைனஸ் 10. எடை சுமார் 567 கிராம். 32 இன்ச், 29 அவுன்ஸ் என்றால் மைனஸ் 3. அது சுமார் 822 கிராம். இங்கே பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கிரிக்கெட் பேட் ஒரு கிலோவைத் தாண்டும், அதையே பையன் சுழற்றுகிறானே, இந்த 822 கிராம் அவனுக்கு எம்மாத்திரம் என்று கேட்பார்கள். பேஸ்பாலில் பந்து தரையில் பட்டு எழும்பி வருவதில்லை, தடுத்து ஆடுவதும் அநேகமாகக் கிடையாது. ஒவ்வொரு முறையும் தோளிலிருந்து முழு வட்டமாகச் சுழற்ற வேண்டும். மைனஸ் 3 என்பது அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடுகிற, உடம்பு முற்றிய பையன்களுக்கான அளவு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை வாங்கித் தருவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று சட்டை வாங்கலாம், பேட் வாங்கக் கூடாது.

எண்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. ஒரே எடையுள்ள இரண்டு பேட்களில் ஒன்று லேசாகவும் மற்றது கனமாகவும் தோன்றும். பேட்டைத் தலைகீழாகப் பிடித்து, தடித்த பக்கத்தைக் கையில் வைத்து வீசிப் பாருங்கள், காற்றாகச் சுழலும். நேராகப் பிடித்தால் அதே பேட் இழுக்கும். எடை கையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு சிரமம். முனையில் எடை ஏற்றிய மாடல்கள் கடையில் நிறைய இருக்கின்றன. பலமான, அனுபவமுள்ள ஆட்டக்காரர் அதை வைத்துப் பந்தைத் தூரம் அனுப்புவார். வளரும் பிள்ளைக்கு எடை சமமாகப் பரவிய பேட்தான் சரி. தராசில் வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது, வீசிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தரும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் வீசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

போன வருஷம் எல்லோரும் கேட்டது "டார்பீடோ" பேட் பற்றி. 2025 மார்ச் 29 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணி மில்வாக்கி புரூவர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 9 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தது. அணியில் சிலர் வைத்திருந்த பேட்டின் வடிவம் விசித்திரமாக இருந்தது. வழக்கமாக முனை வரை தடித்துக்கொண்டே போகிற மரம், இதில் முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே அதிகத் தடிமனை அடைந்து, பிறகு ஒடுங்கியது. இயற்பியலாளர் ஆரன் லீன்ஹார்ட் யாங்கீஸ் அணியில் வேலை பார்த்தபோது உருவான யோசனை அது. எந்த இடத்தில் பந்து அதிகம் படுகிறதோ அந்த இடத்துக்கு மரத்தைக் கொண்டுபோவதுதான் அதன் சூத்திரம். அமெரிக்கத் தொழில்முறை ஆட்ட விதிப்படி தடிமன் 2.61 இன்ச்சுக்குள், நீளம் 42 இன்ச்சுக்குள், ஒரே துண்டு மரம். அதனால் தடையும் இல்லை. ஆனால் அதே ஆட்டத்தில் 3 ஹோம் ரன் அடித்த ஆரன் ஜட்ஜ் பழைய வடிவ பேட்டைத்தான் வைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வீரர்களுக்குப் பந்து பேட்டில் எங்கே படுகிறது என்பதை கேமரா வைத்து அளந்து சொல்ல ஆள் இருக்கிறது. நம் பிள்ளைக்கு ஒரு பந்து கைப்பிடி அருகே படும், அடுத்தது முனையில் படும். எங்கே படுகிறது என்று நிலைப்படாத வரை, எந்த இடத்தில் தடிமனை வைத்து என்ன பயன்? முனை ஒடுங்கியதால் வீசச் சற்று லேசாக இருப்பது மட்டும் உண்மையான லாபம். அந்த லாபம் ஒரு இன்ச் குறைந்த சாதாரண பேட்டிலேயே கிடைத்துவிடும்.

உலோகமா, கம்பாசிட்டா, மரமா என்பது அடுத்த குழப்பம். உள்ளே வெறுமையான அலுமினியப் பேரலில், அதாவது பேட்டின் தடித்த பகுதியில், பந்து படும்போது சுவர் உள்ளே அமுங்கி மீண்டும் விரிந்து பந்தைத் தள்ளும். மரத்தில் அந்த வேலை நடக்காது. பந்துதான் நசுங்கும், அதில் வேகம் வீணாகும். இந்தத் துள்ளல் கூடிப்போய் பந்து அளவுக்கு மீறிய வேகத்தில் பாய்ந்ததால்தான் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களுக்கு 2011-லும் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2012-லும் பி.பி.சி.ஓ.ஆர். என்ற, பேட்டின் துள்ளலுக்கு வரம்பு வைக்கும் கட்டுப்பாடு வந்தது. சிறுவர்களுக்கு, பேட் மரத்தைப் போலவே நடந்துகொள்ள வேண்டும் என்று 2018 முதல் யு.எஸ்.ஏ. பேஸ்பால் முத்திரை வந்தது. வேறொரு அமெரிக்கப் போட்டி அமைப்பான யு.எஸ்.எஸ்.எஸ்.ஏ.வின் முத்திரை உள்ள பேட்களில் துள்ளல் அதைவிட அதிகம். இந்த முத்திரைகளைக் கடைக்காரர் தரச் சான்று மாதிரி காட்டுவார். அவை எந்தப் போட்டியில் செல்லும் என்பதைச் சொல்லும் அடையாளங்கள். நம் போட்டியில் எது செல்லும் என்று நடத்துபவரிடம் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

பள்ளிப் பிள்ளைக்கு என் தேர்வு ஒரே துண்டு அலுமினிய பேட். வாங்கிய அன்றே ஆடலாம், பழுதானால் கண்ணுக்குத் தெரியும்படி நசுங்கும். கம்பாசிட் பேட் கார்பன் இழையும் பிசினும் சேர்த்துச் செய்தது. கை அதிராது, அடிக்க இதமாக இருக்கும். பழக்கிக்கொள்ள நூறு இருநூறு அடி தேவை. அது பழகப் பழக உள்ளே இழைகள் தளர்ந்து துள்ளல் கூடிக்கொண்டே போகும், கடைசியில் விரிசல் விடும். ஆக, பழைய கம்பாசிட் பேட் எதிரே நிற்கிற பிட்ச்சருக்குப் புதியதைவிட ஆபத்தானது. பழைய பேட்டை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் விரல் நகத்தால் பேரலைச் சுற்றித் தடவிப் பாருங்கள், விரிசல் நகத்தில் மாட்டும். குலுக்கினால் உள்ளே ஏதாவது உருண்டாலோ, அடிக்கும் சத்தம் செத்துப்போய் வந்தாலோ அதை மைதானத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

மர பேட்டில் ரேகை ஓடுகிற திசைதான் உயிர். கைப்பிடியில் மர ரேகை நேராக ஓட வேண்டும். 2008-ல் அமெரிக்காவில் மேப்பிள் பேட்கள் அடிக்கடி சிதறி ஆட்களைக் காயப்படுத்தியபோது, ஆராய்ந்து பார்த்து, ரேகைச் சாய்வு 3 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். கைப்பிடியில் ஒரு துளி மை வைத்தால் அது ரேகை வழியாகப் பரவிச் சாய்வைக் காட்டிவிடும். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இங்கே சிலர் கடைசல் பட்டறையில் பூவரசிலோ வேம்பிலோ கடைந்து வாங்குகிறார்கள். நம் தச்சர்களின் கைவேலையில் எனக்குக் குறையே இல்லை. மரத்தில் ஒரு கணு இருந்தால் போதும், அங்கேதான் முறியும். முறிந்த துண்டு ஈட்டியாகப் பறக்கும். வீட்டில் ஸ்டாண்டில் பந்தை வைத்து அடித்துப் பழகுவதோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பேட் தனிக் கதை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் மாமாவோ பெரியப்பாவோ துபாயிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஆசையாக வாங்கி அனுப்பியிருப்பார். பிரித்துப் பார்த்தால் பாதி நேரம் அது சாஃப்ட்பால் பேட். சாஃப்ட்பால் பேட்டின் தடிமன் 2¼ இன்ச்சைத் தாண்டாது. பெரும்பாலான உலோக பேஸ்பால் பேட்கள் 2⅝ இன்ச். சாஃப்ட்பாலின் சுற்றளவு 12 இன்ச், பேஸ்பால் 9 இன்ச்சுக்குச் சற்று மேல், ஆனால் அடர்த்தி அதிகம். சாஃப்ட்பால் பேட்டால் பேஸ்பாலை அடித்தால் பேரல் நசுங்கும், கம்பாசிட்டாக இருந்தால் விரிசல் விடும். அன்பாக அனுப்புகிறவர்களிடம் முன்கூட்டியே எந்த ஆட்டம், எத்தனை இன்ச், எத்தனை அவுன்ஸ் என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

இதைவிட எனக்குப் பயம் தருவது, காரில் தற்காப்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி ஆன்லைனில் மலிவாக விற்கும் "பேஸ்பால் பேட்". நீளமும் எடையும் சரியாகப் போட்டிருக்காது, முத்திரை இருக்காது, முனை மூடியும் கைப்பிடியின் அடியில் உள்ள குமிழும் சும்மா ஒட்டியிருக்கும். பந்தை அடிக்கிற வேலைக்குச் செய்யப்பட்டதே இல்லை அது. குமிழ் கழன்றால் ஈரக் கையிலிருந்து மொத்த பேட்டும் பறந்து வரிசையில் காத்திருக்கும் பிள்ளை மேல் விழும். என் பயிற்சியில் அந்த பேட்டுக்கு அனுமதி இல்லை. கையில் காசு குறைவு என்றால் முதலில் தலைக்கவசம் வாங்குங்கள். பேட் அணிக்குப் பொதுவாக ஒன்று இருந்தால் போதும், தலை அப்படியில்லை.

நம் காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை ஓயாமல் பராமரிக்க வைத்த அதே உப்புதான் பேட் மேலும் படிகிறது. கடற்கரை மணலில் பயிற்சி செய்தால் முனை மூடி இடுக்கில் மணலும் உப்பும் சேர்ந்து, அலுமினியத்தில் வெள்ளைப் புள்ளிகள் விழும். ஆடி முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தால் போதும். மர பேட் ஈரக் காற்றை உறிஞ்சி எடை கூடும். வாடைக் காற்று வீசும் மழை மாதங்களில் வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வையுங்கள். தகரக் கூரை போட்ட ஸ்டோர் ரூமில் வெயில் காலத்தில் கம்பாசிட் பேட்டைப் போட்டு வைக்காதீர்கள். கைப்பிடி டேப் வியர்வையில் வழுக்க ஆரம்பித்தால் உடனே மாற்றுங்கள். பிள்ளையின் உள்ளங்கை சின்னது என்றால் மெல்லிய டேப், கை அதிர்ந்து வலிக்கிறது என்றால் கொஞ்சம் தடித்தது.

கடைசியாகக் குமிழைப் பற்றி. கீழே பிடிக்கும் கையின் உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டை ஒட்டி ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அதன் முனை கொக்கி போல வளைந்திருக்கும். வீசும்போது குமிழ் அதன் மேல்தான் அழுத்துகிறது. பேட் கனமாகவும் கைப்பிடி தடிமனாகவும் இருந்தால் பிள்ளை குமிழைக் கைக்குள் திணித்துப் பிடிப்பான், அழுத்தம் கூடும், அந்தக் கொக்கி முறிந்தும் போகலாம். இந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான் கோடாலிப் பிடி வடிவத்திலும் வட்டத் தட்டு வடிவத்திலும் புதுக் குமிழ்கள் வருகின்றன. ஏற்கெனவே அந்த இடத்தில் வலி வந்த பிள்ளைக்கு அவற்றை முயன்று பார்க்கலாம். ஆனால் வலியோடு வீசவிட்டுப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். உள்ளங்கையில் அந்த இடத்தைத் தொட்டால் வலிக்கிறது, பிடி தளர்கிறது, ஒரு வாரமாகக் குறையவில்லை என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் இந்த முறிவு பல நேரம் தெரியாது. "பிள்ளை பேட் வீசுகிறான், குமிழ் இந்த இடத்தில்தான் அழுத்துகிறது" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டால் அவர் வேறு கோணத்தில் எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுக்கச் சொல்வார்.