எது கீழே? எண்டர் பண்ண வேலையும் காதுக்குள்ள இருக்கற கல்லும்

எண்டர்ஸ் கேம் நாவல் படிச்சவங்களுக்கு அந்த ஹால் கண்டிப்பா ஞாபகம் இருக்கும். எண்டர்ங்கற ஆறு வயசுப் பையனை வீட்லேர்ந்து கூட்டிட்டுப் போய் விண்வெளில இருக்கற ஒரு மிலிட்டரி ஸ்கூல்ல சேர்த்துடறாங்க, அங்க எடையே இல்லாத ஒரு பெரிய ஹால், பசங்க ரெண்டு டீமா பிரிஞ்சு லைட் கன்னால சுட்டுக்கணும், பட்ட இடத்துல சூட் விறைச்சுப் போயிடும். மத்த பசங்க எல்லாம் காரிடார்ல எந்தத் தரைல நடந்து வந்தாங்களோ அதே தரையை மனசுல வெச்சுக்கிட்டே உள்ள போறாங்க, அதனால எதிரியோட கேட் அவங்களுக்கு நேர் எதிர்ல இருக்கு. எண்டர் மட்டும் அந்த கேட் எதிர்ல இல்ல, கீழ இருக்குன்னு முடிவு பண்ணிக்கறான். நாம போய் சண்டை போடல, அதை நோக்கி விழறோம், அவ்ளோதான்.

1985ல வந்த நாவல் இது. முதல் தடவை படிச்சப்போ சும்மா கெத்துக்காக எழுதினதுன்னு தான் நினைச்சேன். இப்போ என்னைக் கேட்டா, புக்ல இருக்கற ஸ்பேஸ்ஷிப், ஏலியன் எல்லாத்தையும் விட அறிவியல் அதிகமா இருக்கறது இந்த ஒரு விஷயத்துல தான்.

முதல்ல ஒண்ணு. மேல போனா ஈர்ப்பு விசை இல்லாம போயிடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது, அங்க பூமியோட இழுப்பு தரைல இருக்கறதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கு. அப்புறம் ஏன் மிதக்கறாங்கன்னா, நிலையமும் உள்ள இருக்கற ஆளும் டூத்பிரஷும் எல்லாமே சேர்ந்து ஒரே மாதிரி விழுந்துக்கிட்டே இருக்கு, மணிக்கு 28,000 கிலோமீட்டர் கிட்ட பக்கவாட்டுல வேற ஓடுறதால தரையைத் தொடவே மாட்டேங்குது. எல்லாம் ஒண்ணா விழும்போது எதுவும் எது மேலயும் அழுந்தாது. நமக்குக் "கீழ"ன்னு தெரியறதே அந்த அழுத்தத்தை வெச்சுத்தான்.

அதை உணர்றதுக்கு உடம்புல தனியா ஒரு மெஷின் இருக்கு, காதுக்குள்ள. ஜெல் மாதிரி ஒரு படலம், அது மேல கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி கால்சியம் கார்பனேட் கல், அதாவது முட்டை ஓட்டுல இருக்கற அதே சரக்கு. தலையைச் சாய்ச்சா கல்லு சரியும், கீழ இருக்கற மெல்லிசான முடி செல்கள் வளையும், மூளைக்குத் தகவல் போயிடும். என் சித்தி ஒருநாள் காலைல எழுந்ததும் வீடே சுத்துதுன்னு கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க, டாக்டர் மாத்திரை கூட எழுதல, தலையை இப்படித் திருப்பி அப்படிப் படுக்க வெச்சு அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிட்டார். இந்தக் கல்லு ரெண்டு மூணு இடம் மாறி பக்கத்துல இருக்கற வளையக் குழாய்க்குள்ள போயிடுச்சாம், அவ்ளோதான் விஷயம்.

அந்த வளையக் குழாய் வேற டிபார்ட்மென்ட், அது திரும்பறதைக் கண்டுபிடிக்கும். சின்ன வயசுல தட்டாமாலை சுத்தி நின்ன உடனே உலகம் சுத்தும் இல்லையா, அது குழாய்க்குள்ள இருக்கற திரவம் நிக்காம ஓடறதால.

விண்வெளிக்குப் போனா குழாய் பழையபடி வேலை செய்யுது, ஆனா கல்லுக்கு எடை இல்ல, தலையை எப்படிச் சாய்ச்சாலும் அது சரியாது. கண்ணு ஒண்ணு சொல்லுது, குழாய் ஒண்ணு சொல்லுது, கல்லு வாயே திறக்கல. மூளை குழம்பிப் போய் கடைசில வயித்தைப் பிரட்டுது. 1961 ஆகஸ்ட்ல வாஸ்டாக் 2ல போன சோவியத் வீரர் கெர்மன் டிடோவ் தான் இதுல முதல் ஆளு, 25 வயசு, நல்லா ட்ரெயினிங் எடுத்த பைலட். சுற்றுப்பாதைக்குப் போன உடனே தலைகீழா பறக்கற மாதிரி இருந்துச்சுன்னார், அப்புறம் வாந்தியும் எடுத்தார். பாவம், விண்வெளில முதல்ல வாந்தி எடுத்தவர்னு சரித்திரத்துல பேரு. 2025ல விண்வெளி நிலையத்துக்குப் போன நம்ம சுபான்ஷு சுக்லாவும் முதல் நாள் பேசும்போது, ஒரு குழந்தை மாதிரி நடக்கறது சாப்பிடறது எல்லாம் புதுசா கத்துக்கறேன்னு தான் சொன்னார்.

கல்லு பேசாம போயிட்டா மூளை "சரி, கீழன்னு ஒண்ணு இல்ல போல"ன்னு விட்டுடுமான்னா, விடாது. கண்ணைப் பார்த்து ஒண்ணை உருவாக்கிக்கும். லைட் இருக்கற பக்கம் கூரை, எதிர்ல தரை, இல்லன்னா என் கால் எந்தப் பக்கமோ அதுதான் தரை. பக்கத்துல இன்னொருத்தர் தலைகீழா மிதந்து வந்தா சில சமயம் பட்டுன்னு அவர் நேரா ஆயிடுவார், நாம தலைகீழ் ஆயிடுவோம், அறையே புரண்ட மாதிரி இருக்கும். ரஷ்யாவோட மிர் நிலையத்துல ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு திசைல மாட்டியிருந்ததால, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போகும்போது வழி குழம்பினவங்க உண்டு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 1998ல நியூரோலேப்ங்கற ஷட்டில் பயணத்துல பண்ண பந்து சோதனை. விண்வெளி வீரரை உட்கார வெச்சு, தலைக்கு மேல இருக்கற ஒரு கருவிலேர்ந்து பந்தை விடுவாங்க, அவர் பிடிக்கணும். தரைல பண்ணும்போது பந்து வர வர வேகம் கூடும், அங்க ஒரே வேகத்துல தான் வரும். ஆனா அவங்க கை தசை பந்து வர்றதுக்கு முன்னாடியே ரெடி ஆயிடுது, வேகம் கூடும்னு எதிர்பார்த்து. காதுல கல்லு ஒண்ணும் சொல்லல, உடம்புல எடை இல்ல, ஆனாலும் "மேலேர்ந்து" வர்ற பந்து விழற பந்துதான்னு மூளை அடிச்சு சொல்லுது. பயணம் முடியற வரைக்கும் அந்தப் பழக்கம் முழுசா போகல.

இப்போ அந்த ஹாலுக்கு வாங்க. மத்த பசங்க பண்ணதும் இதுதான், காரிடார் தரையை மூளை உள்ளேயும் இழுத்துட்டு வந்துடுச்சு. எண்டர் பெரிசா ஒண்ணும் பண்ணல, எப்படியும் மூளை ஒரு கீழேயை உருவாக்கத்தான் போகுது, அது தானா ஒண்ணைப் பிடிச்சுக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடுவோம்னு நினைச்சான். ஸ்கூலுக்குப் போற ஷட்டில்லயே அவன் இதை விளையாட்டா பண்ணிப் பார்க்கறான், கூட்டிட்டுப் போற ஆபீசர் தலைகீழா தொங்கறதா மனசுல மாத்திப் பார்த்து சிரிக்கறான்.

கீழன்னு சொன்ன உடனே காலு தானா அந்தப் பக்கம் போயிடுது பாருங்க, அதுல தான் சண்டைக்கு லாபம். நேரா நின்ன மாதிரி மிதந்து போனா முழு உடம்பும் எதிரிக்கு டார்கெட். காலை மடக்கி முன்னாடி வெச்சுக்கிட்டுப் போனா அவனுக்குத் தெரியறது முழங்கால் அளவு தான், அது விறைச்சாலும் பரவால்ல, கேடயம் ஆயிடும், கை ஃப்ரீ.

ஏன் முன்கூட்டியே சரியான நிலைல கிளம்பணும்னா நடுவுல எதையும் மாத்த முடியாது. 30 கிலோ பையன் சுவத்தை உதைச்சு வினாடிக்கு 2 மீட்டர் வேகத்துல கிளம்பிட்டான்னு வைங்க, நடு ஹால்ல நிக்கணும்னா பிடிக்க ஒண்ணும் இல்ல. 300 கிராம் ஷூவைக் கழட்டி வினாடிக்கு 10 மீட்டர் வேகத்துல எறிஞ்சாலும் அவன் வேகம் மாறறது வினாடிக்கு 10 சென்டிமீட்டர் தான். நிஜத் துப்பாக்கியா இருந்தா ஒவ்வொரு குண்டுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பின்னாடி தள்ளும், உடம்பையும் சுத்த விட்டுடும், அதனால தான் லைட் கன் கொடுத்திருக்காங்க போல.

உடம்பைத் திருப்பறது மட்டும் முடியும். பூனையைத் தலைகீழா விட்டா காலை ஊன்றி விழும் இல்லையா, 1894லயே பிரான்ஸ்ல எட்டியன் மாரே அதைத் தொடர் போட்டோவா எடுத்துக் காட்டினார். முன்பாதி காலை மடக்கி, பின்பாதி காலை நீட்டி, இடுப்பை முறுக்கி, அப்புறம் அதையே மாத்தி பண்ணும், எதையும் பிடிக்காமலே திரும்பிடும். விண்வெளி வீரர்களும் கை காலைச் சுத்தி இதே மாதிரி திரும்பிக்கறாங்க.

நிலையத்துக்கு வெளிய வேலை செய்யப் போறவங்களுக்கு எண்டர் தந்திரம் வேற விதத்துல உதவுது. பூமி காலுக்குக் கீழ தெரிஞ்சா 400 கிலோமீட்டர் பள்ளத்துல தொங்கற மாதிரி சிலருக்கு பயம் வந்துடும், கைப்பிடியை விடவே மாட்டாங்க. அதுக்கு வழி, பூமியை மேல வெச்சுக்கறது. மனசுல தான்.