பசையமா, பச்சையமா? குளூட்டன் படும் பாடு

இத்தாலியின் போலோன்யா நகரில், வளைவுத் தாழ்வாரம் ஒன்றின் கீழ் மேசை போட்டிருந்த ஓர் உணவகம். என் மனைவிக்குச் சீலியாக் நோய். கோதுமை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் இரண்டு நாள் படுக்கைதான். அதனால் உணவுப் பட்டியலை வரிவரியாகப் படிக்காமல் நாங்கள் எதையும் தொடுவதில்லை. இத்தாலிய மொழி தெரியாது. கைபேசிக் கேமராவைப் பட்டியலுக்கு மேலே பிடித்தால் எழுத்துகள் தமிழாக மாறும், அதுதான் துணை. 'லசான்யே வெர்தி, சென்சா குளூத்தினே' என்ற வரி 'பச்சை லசானியா, பசையம் இல்லாதது' என்று மாறியது. மனைவி மூக்குக்கண்ணாடியை அறையில் மறந்துவிட்டு வந்திருந்தாள். கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டு, "ஏங்க, பச்சைன்னும் போட்டிருக்கு, பச்சையம் இல்லைன்னும் போட்டிருக்கு. இதுல எதை நம்புறது?" என்றாள்.

நியாயமான கேள்வி. லசானியா என்பது மாவுத் தகடுகளை அடுக்கிச் சுடும் உணவு. போலோன்யா லசானியா பச்சையாக இருப்பதற்குக் காரணம், அந்த மாவில் அரைத்துச் சேர்க்கும் பசலைக்கீரை. கீரையில் இருப்பது பச்சையம். பட்டியல் சொல்ல வந்ததோ கோதுமையில் இருக்கும், என் மனைவிக்கு ஆகாத, குளூட்டன் என்ற புரதத்தைப் பற்றி. அதைத்தான் செயலி 'பசையம்' ஆக்கியிருந்தது. பச்சையத்துக்கும் பசையத்துக்கும் நடுவே ஒரே ஒரு 'ச்'. அந்த ஒற்றை நம்பியா ஒரு நோயாளி சாப்பிட உட்கார வேண்டும்?

'பசையம்' என்ற சொல்லை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மொழிபெயர்ப்புச் செயலிகளில், உடல்நலக் கட்டுரைகளில், மாவுப் பொட்டலங்களில். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துபோனேன். அன்றைக்கு முடியவில்லை.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலத்தீனில் குளூட்டன் என்றால் ஒட்டுவதற்கான பொருள். ஆங்கிலேயர் சொல்லும் 'குளூ'வும் அந்தக் குடும்பம்தான். கோதுமைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட கதை இதே போலோன்யாவில்தான் தொடங்குகிறது. 1728-இல் யாக்கோப்போ பெக்காரி என்ற பேராசிரியர் கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக்கொண்டே போனார். வெள்ளையாக மாவுச்சத்து கரைந்து ஓடியது, கையில் பிசுபிசுப்பான உருண்டை ஒன்று மிஞ்சியது. செடியில் விளைந்த பொருள் விலங்கிலிருந்து எடுத்ததைப் போல இருக்கிறதே என்று அவருக்கு வியப்பு. 1745-இல் ஆய்வு அச்சேறியது. தோலையும் எலும்பையும் காய்ச்சிப் பசை எடுத்த காலம் அது. நம் தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அதே சரக்கு. இன்றைய விளக்கம் இது: கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு வகைப் புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையும்போது வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. அந்த வலைதான் கோதுமையின் குளூட்டன். பார்லியிலும், கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்திலும் உள்ள உறவுக்காரப் புரதங்களையும் உணவுப் பேச்சில் அதே பெயரில் சேர்த்துவிடுகிறார்கள். அவ்வளவுதான்.

இப்போது பசையத்துக்கு வருவோம். பசை என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? சுவரொட்டி ஒட்டுபவர் கையில் இருக்கும் வாளி. மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய கஞ்சி. அந்தக் கஞ்சி சுவரில் ஒட்டுவது பெரும்பாலும் மாவுச்சத்தால். பசை தீர்ந்துபோன நாளில் சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கடித உறையை ஒட்டியிருக்கிறோம். அரிசியில் குளூட்டன் கிடையாது, ஆனாலும் ஒட்டுகிறது. கிழக்காசியாவில் கையில் உருட்டிச் சாப்பிடும் ஒட்டரிசியை ஆங்கிலத்தில் 'குளூட்டினஸ்' அரிசி என்றே சொல்கிறார்கள். பெயரில்தான் குளூட்டன், அரிசியில் ஒரு துளியும் இல்லை. ஆங்கிலம் தெரிந்தவர்களே அந்தப் பெயரைப் பார்த்து மிரள்கிறார்கள். அந்தக் குழப்பத்தை நாமும் தமிழுக்குள் பாய் விரித்துக் கூப்பிட வேண்டுமா? பசையம் ஆகாது என்று ஒருவரிடம் சொன்னால் அவர் வெண்டைக்காயையும் சேப்பங்கிழங்கையும் ஒதுக்குவார், சப்பாத்தியைப் பிய்த்துச் சாப்பிடுவார். சப்பாத்தி எங்கேயும் ஒட்டுவதில்லையே!

குளூட்டனின் உண்மையான குணம் இழுபடுவது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் வேட்டிபோல விரிகிறதே, அதுதான் குளூட்டன். அரிசி மாவை அப்படி வீசிப் பாருங்கள், தரையெல்லாம் மாவாகும். ரொட்டி உப்பி எழுவதும் அந்த வலைக்குள் காற்று சிக்கிக்கொள்வதால்தான். இந்த இழுவை இல்லாமல் ரொட்டி சுட வேண்டுமே என்று ஐரோப்பிய ரொட்டிக்கடைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சாந்தன் கோந்து, கொத்தவரை விதைக் கோந்து, இசப்கோல் உமி என்று ஒட்டும் பொருள்களாகப் பார்த்துச் சேர்க்கிறார்கள். ஆக, நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'பசையம் இல்லாத ரொட்டி' என்று எழுதும் ரொட்டியில்தான் பசை அதிகம்.

போதாததற்கு, பசை என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை நிறைய. "பசையுள்ள பார்ட்டி" என்றால் காசுக்காரர். பசையில்லாத உணவகம் என்றால் இந்த மாதம் வாடகை கொடுக்க முடியாத உணவகம். பழைய வழக்கில் அதற்கு ஈரம், அன்பு என்ற பொருளும் உண்டு. 'பசையினள் பைய நகும்' என்று குறளில் (1098) வருபவள் மனம் இளகிச் சிரிக்கிறாள், அவளுக்கும் கோதுமைக்கும் சம்பந்தமில்லை.

தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவர் அசரவில்லை. "மூலச் சொல்லே பசைதானே? ஜெர்மன்காரன் அவன் மொழியில் பெயர் வைக்கவில்லையா?" என்றார். வைத்திருக்கிறான், உண்மைதான். குளூட்டனுக்கு ஜெர்மனில் 'கிளேபர்' என்ற பெயர் உண்டு, ஒட்டுவது என்றே பொருள். ரஷ்ய மொழியின் 'கிளெய்க்கவீனா'வும் அதே வழி. ஆனால் ஜெர்மன் மொழி பேசும் ஊரில் உணவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள், 'குளூட்டன்ஃப்ரை' என்றுதான் இருக்கும். கிளேபர் மாவரைப்பவரோடும் ரொட்டி சுடுபவரோடும் நின்றுவிட்டது. அதிலும் அவர்கள் 'கிளேபர்-ஐவைஸ்' என்று புரதத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். பொருள் என்ன வகை என்பது பெயரிலேயே இருக்கும். நம்முடைய பசையத்தில் அந்தத் துப்புகூட இல்லை. கரிமம், பச்சையம் வரிசையில் ஓர் 'அம்' போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் நண்பரிடம் கேட்டேன். அதே இலத்தீன் வேரிலிருந்து வந்த மொழியியல் கலைச்சொல் ஒன்று ஆங்கிலத்தில் உண்டு, 'அக்ளூட்டினேட்டிவ்'. விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் சொல்லாக்கும் மொழிகளுக்கு அந்தப் பெயர், தமிழும் அதில் சேர்த்தி. அதை நம் ஆசிரியர்கள் 'பசை மொழி' என்றா பெயர்த்தார்கள்? 'ஒட்டுநிலை மொழி' என்றார்கள். வேரை அப்படியே பிடுங்கி நடாமல், மொழி என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தார்கள். அந்த நிதானம் இப்போது ஏன் இல்லை? நண்பர் டீயைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

'மாப்பிசின்' என்று எழுதுபவர்களும் உண்டு. பசையத்தைவிட ஒரு படி மேல். ஆனால் பிசின் என்றால் மரத்தில் வடிவது. ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினை என்ன செய்வது?

'கோதுமை இல்லாத உணவு' என்று எளிமையாகச் சொல்லலாமே என்பது அடுத்த கட்சி. அந்த எளிமையில் ஆபத்து இருக்கிறது. பார்லியும் ரையும் தப்பித்துவிடும். இத்தாலியக் காப்பிக்கடைகளில் 'ஓர்சோ' என்று கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள், வறுத்த பார்லியில் போடும் காப்பி அது. கோதுமை இல்லை, குளூட்டன் உண்டு. மறுபக்கமும் பாருங்கள். குளூட்டனை நீக்கிய கோதுமை மாவுச்சத்தை ஐரோப்பாவில் பல ரொட்டிகளில் சேர்க்கிறார்கள். கோதுமை உண்டு, ஆனால் பொட்டலத்தில் குளூட்டன் இல்லை என்று சட்டப்படியே போட்டிருப்பார்கள். பிரான்சின் பிரித்தானி பகுதியில் 'கருங்கோதுமை' என்ற பெயரில் தோசை மாதிரி ஒன்று வார்ப்பார்கள். பக்வீட் என்னும் அந்தத் தானியம் கோதுமை இனமே அல்ல, குளூட்டனும் இல்லை. (சில கடைகளில் மாவு நன்றாக வர வேண்டுமென்று கோதுமையும் கலப்பார்கள், கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.)

இதற்கெல்லாம் மேலே ஒரு கொடுமை, 'இலவசம்'. ஆங்கிலத்தின் 'குளூட்டன் ஃப்ரீ'யில் 'இல்லாதது' என்று பொருள்படும் 'ஃப்ரீ'யைக் காசில்லாமல் கிடைப்பதாக்கி விடுகிறார்கள். இணையக் கடை ஒன்றில் கேழ்வரகு மாவுக்குக் கீழே 'பசையம் இலவசம்' என்று போட்டிருந்தது. இரண்டு சொல், இரண்டும் தப்பு. ஒரு கிலோ மாவு வாங்கினால் ஒரு டப்பா பசை கொசுறு என்று அர்த்தம் வருகிறது. இதைத் திருத்த அகராதிகூட வேண்டாம். எழுதியதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும். படிக்க அங்கே ஆளே இல்லை என்பதுதான் கதை.

சீலியாக்கை 'குளூட்டன் ஒவ்வாமை' என்று எழுதுவதையும் நிறுத்தினால் நல்லது. ஒவ்வாமை வேறு. இது உடலின் காப்புப் படை குளூட்டனைக் கண்டதும் சொந்தக் குடலையே தாக்கும் நோய். பேச்சுத்தமிழில் அழகான சொல் ஒன்று இருக்கிறது: ஆகாது. "எனக்குக் கோதுமை ஆகாது" என்று சொல்லிப் பாருங்கள், எந்தச் சமையல்காரருக்கும் புரியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இங்கே எனக்குத் துணைக்கு வருகிறது. 2014 டிசம்பரிலிருந்து உணவகங்களும் 14 வகை ஒவ்வாப் பொருள்களைப் பற்றி வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். பட்டியலில் முதலில் நிற்பது 'குளூட்டன் உள்ள தானியங்கள்'. அதோடு விடவில்லை: கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ் என்று தானியங்களின் பெயர்களையும் சொல்கிறார்கள். அந்தப் பெயரோடு வளர்ந்தவர்களே பெயரை மட்டும் நம்பவில்லை, தானியத்தைச் சுட்டிக் காட்டுகிறார்கள். நாமோ பசையம் என்று ஒற்றைச் சொல்லை வீசிவிட்டுப் போய்விடுகிறோம்.

'இல்லாத' என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஐரோப்பிய விதிப்படி ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் போகாவிட்டால் குளூட்டன் இல்லை என்று போடலாம். அதாவது சுத்தமான பூஜ்யம் அல்ல. இத்தாலியரின் 'சென்சா', ஜெர்மானியரின் 'ஃப்ரை' எல்லாம் அரிசிக்கும், கழுவியெடுத்த கோதுமை மாவுச்சத்துக்கும் ஒரே சொல்லாகத்தான் பயன்படுகின்றன. தமிழில் பிரித்தே சொல்லலாம். அரிசி குளூட்டன் இல்லாதது. அந்த மாவுச்சத்து குளூட்டன் நீக்கியது. உமி நீக்கிய அரிசி என்கிறோமே, அப்படி. இவ்வளவு வசதியைக் கையில் வைத்துக்கொண்டு 'இலவசம்' என்று எழுதினால் கோபம் வராதா?

சரி, அப்புறம் எப்படித்தான் சொல்வது? பட்டியலிலும் பொட்டலத்திலும் 'குளூட்டன்' என்றே இருக்கட்டும். உயிர் காக்கும் இடத்தில் மொழிப்பற்றைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், பல மொழிகளிலும் ஏறக்குறைய இதே ஒலிதான். ஆனால் ஒரே எழுத்தில் இருக்கட்டும். 'க்ளூட்டன்' வேண்டாம், தமிழில் மெய் முதலில் வராது. பாடநூலில் தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்றால் 'இழுபுரதம்' என்பேன். ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை. எங்கள் அம்மா மைதா அல்வாவுக்கு மாவை உருட்டித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கசக்கிப் பால் எடுப்பார். பெக்காரி செய்த அதே வேலை. பால் அடுப்புக்குப் போகும், கையில் மிஞ்சும் உருண்டை தென்னைமரத்தடிக்குப் போகும். போவதற்கு முன் அதை நாங்கள் இரண்டு கையாலும் இழுத்து விளையாடுவோம். ஜவ்வு என்றுதான் அதற்குப் பெயர், பசை என்று யாரும் சொன்னதில்லை. ஜவ்வையே கலைச்சொல்லாக்க எனக்கு ஆசைதான். ஆனால் சவ்வை உயிரியல்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குப் போலோன்யாவில் கைபேசியை மடக்கி வைத்துவிட்டு மனைவி, மனப்பாடம் செய்திருந்த இரண்டே சொற்களைச் சொன்னாள்: "சோனோ செலீயகா." நான் சீலியாக் நோயாளி என்று அர்த்தம். பரிமாறுபவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்ச் சமையல்காரரையே அழைத்து வந்தார். தனிப் பாத்திரம், தனித் தண்ணீர், தனிக் கரண்டி என்று சைகையிலேயே சொன்னார் அவர். லசானியா வந்தது, மேலே ராகு. (கிரகமில்லை, கொத்துக்கறிக் குழம்பு.) இரண்டு நாள் கழித்தும் ஒன்றும் ஆகவில்லை.

வம்பு வந்தது அடுத்த ஊரில், அதுவும் நம்மூர்ச் சாப்பாட்டில். தோசை அரிசியும் உளுந்தும்தானே என்று நம்பி உட்கார்ந்தோம். சாம்பாரில் போட்ட கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருந்ததை டப்பாவை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டோம், சாப்பிட்டு முடித்த பிறகு.

ஊர் திரும்பியதும் கல்யாண வீடுகளில் காட்டுவதற்காக ஓர் அட்டை எழுதினேன். 'எனக்குக் குளூட்டன் ஆகாது. அதாவது கோதுமை, மைதா, பார்லி, ரை எதுவும் கலக்கக் கூடாது. பெருங்காய டப்பாவைப் பார்த்துச் சொல்லவும்.' மனைவி வாங்கிப் படித்தாள். பேனாவை எடுத்துக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'ரவையும் கோதுமைதான்.'