நீளமான பட்டை என்றால் நல்ல விலை என்று யார் சொன்னது?

விலைக் கணிப்புப் படத்தோடு என்னிடம் வந்தவர்களில் இந்தக் கிழமை மட்டும் இவர் மூன்றாவது ஆள். நிலாவெளியில் விடுதி நடத்துகிறார், கனடாவில் இருக்கும் பங்காளருக்குத் தன் பங்கை விற்கப் போகிறார். விடுதியின் விலையைப் பல முறைகளில் கணித்து, ஒவ்வொரு முறைக்கும் கீழ் விலை முதல் மேல் விலை வரை ஒரு பட்டை போட்ட எக்செல் படம், யாரோ செய்துகொடுத்தது. அதைக் கலரில் அச்சடித்து, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்.

"தம்பி, முழுவதும் பன்னிரண்டரைக் கோடி போகும் எண்டு படமே சொல்லுது. நீங்கள் ஏன் ஏழரையைத் தாண்ட மாட்டன் எண்டு நிக்கிறீங்கள்?"

விரித்துப் பார்த்தேன். காசோட்டக் கணிப்பில், அதாவது இனி வரப்போகும் காசை இன்றைய பெறுமதிக்கு மாற்றிப் பார்க்கும் முறையில், கீழ் விலை 5 கோடி, மேல் விலை 7.5 கோடி. செய்தவர் இரண்டையும் அப்படியே ஸ்டாக்ட் பாரில் போட்டிருக்கிறார். அந்த வகைப் படம் ஒன்றின் முடிவிலிருந்து அடுத்ததைத் தொடங்கும். 5 முடிந்த இடத்தில் 7.5 ஏறி நின்றால் 12.5 தானே வரும்? இரண்டாவது நிரலில் வரவேண்டியது மேல் விலை அல்ல, மேல் விலையிலிருந்து கீழ் விலையைக் கழித்த மிச்சம், அதாவது 2.5. முதல் நிரலுக்கு நோ ஃபில் கொடுத்து மறைத்துவிட்டால் பட்டை 5 இல் தொடங்கி 7.5 இல் முடியும். அந்த 2.5 ஐயும் கையால் அடிக்காதீர்கள், சூத்திரமாகப் போடுங்கள். நாளைக்குக் கீழ் விலை மாறினால் கையால் அடித்த எண் மாறாது.

இந்தப் பிழையாவது பரவாயில்லை, ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். என்னைக் களைக்க வைப்பது வேறொன்று. எல்லாரும் நீளமான பட்டையைப் பார்த்துத்தான் சந்தோஷப்படுகிறார்கள். "இந்த முறைதான் கூடக் காட்டுது, இதையே எடுப்பம்" என்கிறார்கள். நீளம் காட்டுவது விலையின் பெருமையை அல்ல, கணக்குப் போட்டவருக்கு எவ்வளவு நிச்சயம் இல்லை என்பதை. இதே விடுதியை எடுங்கள். கடன் தவணையெல்லாம் போக வரும் வருடம் 60 லட்சம் கையில் நிற்கும், அதன் பிறகு அது வருடம் 6 வீதம் வளரும் என்று வைத்துக்கொள்வோம். வரப்போகும் காசை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் கழிவு வீதம் 16 என்றால், அதில் வளர்ச்சி 6 ஐக் கழித்து மிஞ்சும் 10 வீதத்தால் 60 லட்சத்தை வகுக்க, பெறுமதி 6 கோடி. 14 என்றால் 7.5 கோடி. 18 என்றால் 5 கோடி. கட்டிலும் அதே, கடலும் அதே, சீசனும் அதே மே முதல் செப்டெம்பர் வரைதான். நான் ஒரு எண்ணை இரண்டு புள்ளி இங்கே அங்கே நகர்த்தினேன், இரண்டரைக் கோடி ஆடிவிட்டது. 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 புள்ளி உயர்த்திய நாட்டில் இருந்துகொண்டு, அந்த வீதம் அசையாது என்று எப்படி நம்புவது? நீளமான பட்டையைக் கண்டால் கை தட்டாதீர்கள், எந்த எண் அதை இழுக்கிறது என்று கேளுங்கள்.

எல்லாப் பட்டைகளின் நடுவையும் கூட்டி வகுத்து "சராசரி" எடுப்பவர்களுக்கும் இதேதான். மீனையும் ஐஸையும் சேர்த்து நிறுத்துவிட்டு மீன் விலை சொல்லுகிற வேலை அது.

சரி, அவருடைய படத்தில் இன்னொன்றும் இருந்தது. இலாப மடங்குப் பட்டை 5.5 முதல் 6.6 கோடி. வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்திய இலாபம் 1.1 கோடியை ஐந்தாலும் ஆறாலும் பெருக்கியது. ஆனால் 1.4 கோடி வங்கிக் கடன் அதில் கழியவில்லை. பக்கத்திலேயே இருந்த காணி, கட்டிடப் பட்டையில் கழிந்திருந்தது. கடனோடு ஒன்று, கடன் இல்லாமல் ஒன்று, இரண்டும் ஒரே படத்தில்! தயவுசெய்து ஒவ்வொரு பட்டைக்கும் பக்கத்தில் "கடன் போக" அல்லது "கடனோடு" என்று ஒரு சொல் எழுதுங்கள். எந்த வருட இலாபம் என்பதையும் எழுதுங்கள். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பும் கோவிட்டும் விழுந்த வருடங்களை வைத்துக் கணக்குப் போட்டால் விடுதியைச் சும்மாதான் கொடுக்க வேண்டும்.

அச்சடித்த தாளோடு மட்டும் வராதீர்கள். கோப்பைக் கொண்டுவாருங்கள்.

அவர் மறுநாள் பென் டிரைவோடு வந்தார். திருத்தினோம். இலாப மடங்கு 4.1 முதல் 5.2. காசோட்டம் 5 முதல் 7.5. காணியும் கட்டிடமும் 6.2 முதல் 6.8. பங்காளர் கேட்ட விலைப்படி முழு விடுதி 5 கோடி. அதற்கு நேராகச் சிவப்புக் கோடு ஒன்று இழுத்தேன். கோடு இலாபப் பட்டைக்குள் விழுந்தது, காசோட்டப் பட்டையின் இடது நுனியைத் தொட்டது, காணிப் பட்டைக்கு எட்டவேயில்லை. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் காணிக்கு மேலதான் நான் கட்டில் விரிச்சு வைச்சிருக்கிறன்?"

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். ஆனால் அந்தக் காணி விலை பக்கத்து வளவுக்காரர் வாயால் சொன்னது, மதிப்பீட்டாளர் பார்த்தது அல்ல. காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துவரப் போயிருக்கிறார்.