படம் இருட்டாக இருக்கிறது என்று எழுதும் முன்

ஒரு சிறு நகரத் திரையரங்கில், புதுப் படத்தின் பூட்டைத் திறக்கும் டிஜிட்டல் சாவியான ‘கீ’, படத்தை ஓட்டும் கணினியான சர்வரில் ஏறவில்லை என்று என்னை அழைத்திருந்தார்கள். அந்த வேலை விரைவிலேயே முடிந்துவிட்டது. கிளம்பும்போது கேபின் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்தால், நண்பகலில் எடுத்த காட்சி அந்திப் பொழுதைப் போல மங்கிக் கிடந்தது. எப்போதோ ஓடிய 3டி படத்துக்காக லென்ஸுக்கு முன்னால் பொருத்திய போலரைசர் என்னும் ஒளி வடிகட்டி, கழற்றப்படாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின் வந்த 2டி படங்கள் எல்லாமே அதன் வழியாகத்தான் திரைக்குப் போயிருக்கின்றன. ஒளியில் பாதிக்கு மேல் அது ஒன்றே விழுங்கிவிடும். காட்சி முடிந்ததும் திரையில் வெள்ளையைப் போட்டு மீட்டரில் அளந்தேன். திரையின் வெளிச்சத்தை ஃபுட்-லாம்பர்ட் என்ற அலகில் அளப்போம்; 14 இருக்க வேண்டிய இடத்தில் 5 இருந்தது. ஆனால் படம் பார்த்து வெளியே வந்தவர்கள் பேசிக்கொண்டது, ஒளிப்பதிவு சரியில்லை என்றுதான். இதே குறையையும் இதே பழியையும் ஊர் ஊராகப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

‘டிஜிட்டல் வந்த பிறகு எல்லாத் தியேட்டரிலும் ஒரே தரம்தான்’ என்கிற நம்பிக்கையைப் போல இந்தத் தொழிலில் என்னை வருத்துவது வேறொன்றுமில்லை. படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். திரையரங்கு உரிமையாளர்களே சொல்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ வந்து சேரும் கோப்பு எல்லா ஊருக்கும் ஒன்றுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கோப்பு தானாக ஒளிர்வதில்லை, தானாகப் பேசுவதுமில்லை. விளக்கு, அதன் பின்னுள்ள பிரதிபலிப்பான், லென்ஸ், கேபின் கண்ணாடி, திரைத்துணி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று அது கடந்து வரும் ஒவ்வொன்றும் தேய்கிறது, அழுக்கேறுகிறது, பழுதாகிறது. பிலிம் ஓடிய காலத்தில் திரையில் கோடு விழுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ‘பிரிண்ட் தேய்ந்துவிட்டது’ என்று சொல்லிவிட்டுப் படத்தை மன்னித்தார்கள். இன்றைக்குக் கோடும் விழுவதில்லை, படமும் குதிப்பதில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியாத குறை முழுவதும் படம் எடுத்தவர் தலையில் போய் விழுகிறது.

நிறத் திருத்தம் செய்யும் அரங்கில், 14 ஃபுட்-லாம்பர்ட் ஒளியில் திரையைப் பார்த்துத்தான் ஒளிப்பதிவாளர் ஒரு இரவுக் காட்சியில் எவ்வளவு நிழல், அந்த நிழலுக்குள் முகம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று முடிவு செய்கிறார். அதே காட்சி 5-இல் ஓடினால் முகம் போய்விடும், கண்கள் போய்விடும், நடிகர் செய்த நுட்பமான வேலை எதுவும் பின்வரிசைக்கு வந்து சேராது. புரொஜக்டருக்குள் எரியும் ஜெனான் விளக்கை அதற்குரிய மணிக்கணக்கு முடிந்த பிறகும் ‘இன்னும் எரிகிறதே’ என்று ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். எரியும், ஆனால் மங்கி எரியும், வெடிக்கும் அபாயமும் கூடும். 3டிக்காக மாட்டிய, வெள்ளி போன்ற பூச்சுள்ள திரை இன்னொரு தொல்லை: நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் மங்கலாகவும் தெரியும், ஓர இருக்கைக்காரரும் நடு இருக்கைக்காரரும் ஒரே காசு கொடுத்து வெவ்வேறு படம் பார்க்கிறார்கள்.

ஒலியின் கதை இதைவிட வருத்தம் தருவது. ஒலிக்கலவை அரங்கில், ஒலிப் பிராசசரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை 7-இல் வைத்து, முன்புற ஸ்பீக்கர் ஒவ்வொன்றையும் 85 டெசிபலுக்கு ஒழுங்குசெய்த பிறகே வேலை நடக்கிறது. திரையரங்கில் விளம்பரம் காதைக் கிழிக்கிறது என்று யாரோ கோபப்பட, ஆபரேட்டர் ஃபேடரை 5-க்கு இறக்குகிறார். படம் தொடங்கிய பின் அதை ஏற்ற மறந்துவிடுகிறார். இரண்டு எண் இறங்கினால் ஏறக்குறைய 6.7 டெசிபல் குறைகிறது. ஸ்பீக்கருக்குப் போகும் ஆற்றலில் கால்பங்குகூட மிஞ்சாது. சண்டைக் காட்சி எப்படியும் கேட்கும். கிசுகிசுத்துப் பேசும் வசனம்தான் ஏசி இரைச்சலுக்கு அடியில் மூழ்கிப்போகும். இப்படித் திரையரங்குகள் குறைத்து வைக்கும் என்று தெரிந்து கலவையிலேயே சத்தத்தைக் கூட்டுகிறார்கள். கூட்டியதைக் கேட்டுத் திரையரங்குகள் மேலும் குறைக்கின்றன.

‘பாட்டு அருமையாகக் கேட்டது, பேச்சுதான் புரியவில்லை’ என்று யாராவது சொன்னால் நான் நேராகத் திரைக்குப் பின்னால் போய்விடுவேன். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வருகிறது. இசை இடமும் வலமும் சுற்றிலும் பரவி வருகிறது. நடு ஸ்பீக்கரில் கூரிய ஒலிகளைத் தரும் பகுதியான ஹார்ன் டிரைவரில் உள்ள மெல்லிய சவ்வு கிழிந்துவிட்டால், க, ச, த, ப போன்ற வல்லின எழுத்துகளின் கூர்மை போய்விடும். குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். முதலில் சாவது நகைச்சுவைதான். சிரிப்பு ஒரு சொல்லில், அதுவும் கடைசிச் சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல் தெளிவாக விழாவிட்டால் அரங்கம் அமைதியாக இருக்கும். ‘காமெடி எடுபடவில்லை’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். மோசமாக எழுதிய படத்தை எந்த புரொஜக்டரும் காப்பாற்றாது என்பதும் உண்மைதான். ஆனால் நல்ல படத்தைக் கெடுக்க ஒரு கிழிந்த சவ்வு போதும்.

திரையரங்கு நடத்துகிறவர்களே, 3டி படம் போன அன்றே போலரைசரைக் கழற்றுங்கள். கேபின் கண்ணாடியை இருபுறமும் துடைக்க ஆள் வையுங்கள். விளம்பரத்துக்குத் தனி அளவு, படத்துக்குத் தனி அளவு என்று சர்வரிலேயே பதிந்து வைக்க முடியும். சர்வீஸுக்கு வருகிறவரிடம் கேளுங்கள். கேன்டீனைப் புதுப்பிக்கிற காசில் ஒரு பங்கை விளக்குக்கு ஒதுக்குங்கள்.

பார்வையாளர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. படம் தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் மங்கலாகவோ பேச்சு தெளிவில்லாமலோ இருந்தால், எழுந்து போய் மேலாளரிடம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் எழுதினால் அந்தக் காட்சி யாருக்கும் சரியாகாது. டிக்கெட் எடுக்கும்போது, திரையிலிருந்து அரங்கின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுவில் இடம் பாருங்கள். ஒலியை அளந்து சரிசெய்வது ஏறத்தாழ அந்த இடத்தை வைத்துத்தான்.

வீட்டில் பார்ப்பவர்களின் சிக்கல் வேறு. நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுத்த படத்துக்கு நடுவில் தொலைக்காட்சி தானாகச் சட்டங்களைச் செருகுகிறது. பெரிய படமும் நாடகத் தொடர் போல வழவழப்பாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். இதை எல்ஜி ட்ரூமோஷன் என்றும் சோனி மோஷன்ஃப்ளோ என்றும் அழைக்கின்றன. 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸே இதை அணைத்துவிடுங்கள் என்று காணொளி வெளியிட்டார். அணைத்துவிடுங்கள். கடையில் வைத்திருந்த பளீர் நிற அமைப்பை விட்டு, ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ அமைப்புக்கு மாற்றுங்கள். பேச்சு கேட்கவில்லையென்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். தனி ஸ்பீக்கர்கள் இல்லாத வீட்டில் ஓடிடி செயலியின் ஆடியோ பட்டியலில், சுற்றிலும் பல ஸ்பீக்கர்கள் உள்ள வீட்டுக்கான 5.1 தேர்வாகியிருந்தால், அதை ஸ்டீரியோவாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் பேச்சு அமுங்கியிருந்தால், ஒலி அமைப்பில் குரலைத் தெளிவாக்கும் வசதி இருக்கிறதா என்று தேடி, அதைப் போட்டுவிட்டுப் படத்தைத் தொடருங்கள்.